வளையக் கவசம் பின்னுவது எப்படி: கம்பி வாங்குவது முதல் அங்கியை அணிவது வரை

இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் அணிந்த வளையக் கவசத்தைக் கையால் பின்ன முயல்கிறவர்களில் பலர் பாதியிலேயே கைவிடுகிறார்கள். அவர்களிடம் மீந்திருக்கும் துண்டுகளைப் பார்த்தால், பின்னலில் பெரும்பாலும் பிழை இருப்பதில்லை. வளையத்தின் அளவு பொருந்தாமல் போயிருக்கும், அல்லது அதன் வாய், அதாவது கம்பியின் இரு முனைகளும் சந்திக்கும் இடம், சரியாக மூடப்பட்டிருக்காது. இரண்டுமே பின்னத் தொடங்கும் முன்பு நடந்துவிடுகிற தவறுகள். ஆகையால் இந்த வழிகாட்டியில் முன்தயாரிப்புக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பின்னல் முறையை ஒரு மாலையில் கற்றுவிடலாம்.

1. எதைப் பின்னப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சிறு உலோக வளையங்களை ஒன்றோடொன்று கோத்துத் துணிபோல் ஆக்கியதையே இடைக்காலத்தில் மெயில் என்றார்கள். செயின் மெயில் என்பதும் சங்கிலிக் கவசம் என்பதும் அதையே குறிக்கும். கணினி விளையாட்டுகளில் வரும் பிளேட் மெயில், ஸ்கேல் மெயில் போன்ற பெயர்களைக் கொண்டு படங்களைத் தேடினால் தகட்டுக் கவசமும் செதில் கவசமும் வந்து குழப்பும். வளையத்துக்குள் வளையம் செல்லாதது எதுவும் இங்கே நமக்குத் தேவையில்லை.

உறுப்புக்கு உறுப்பு பெயர் உண்டு. முழங்கால் வரை இறங்கும் கைவைத்த அங்கி ஹாபர்க். அதைவிடக் குட்டையானது ஹாபர்ஜன். தலையையும் கழுத்தையும் மூடுவது காய்ஃப், தலைக்கவசத்தின் விளிம்பிலிருந்து தோள்வரை தொங்குவது அவென்டெயில், கால்களுக்கானது ஷோஸ். தகட்டுக் கவசம் பெருகிய 15ஆம் நூற்றாண்டில், அக்குள் போன்ற இடைவெளிகளை மறைக்க உள்ளங்கியின்மேல் தைத்த வளையத் துண்டுகள் வாய்டர் எனப்பட்டன.

புதியவர்கள் சிறியது என்று எண்ணிக் காய்ஃபில்தான் தொடங்குகிறார்கள். அது தவறான தேர்வு. தலையின் உருண்டைக்கு ஏற்ப முதல் சில வரிசைகளிலிருந்தே வளையங்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கையில்லாத அங்கி பெரியதாயினும் நேர்ப்பின்னலிலேயே பெரும்பகுதி முடிந்துவிடும். முதலில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று, பிறகு கையில்லாத அங்கி, அதன்பின் காய்ஃப் என்ற வரிசையில் செல்வதே நல்லது.

2. முட்டு வளையமா, ரிவெட் வளையமா

போரில் பயன்பட்ட ஐரோப்பிய மெயிலில் வளையத்தின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுவே துளையிட்டு ரிவெட் என்ற சிறு ஆணி அடிக்கப்பட்டிருக்கும். பல அங்கிகளில் ஒரு வரிசை வாயே இல்லாத முழு வளையமாகவும் அடுத்த வரிசை ரிவெட் வளையமாகவும் மாறி மாறி வரும். முனைகள் வெறுமனே முட்டி நிற்பது முட்டு வளையம். இந்தியாவில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செய்யப்பட்ட சில கவசங்களில் இதுவும் காணப்படுகிறது.

நாடகம், திரைப்படம், காட்சிப்பொருள் ஆகியவற்றுக்கு முட்டு வளையம் போதும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே. ஆனால் கூர்முனை ஒன்று அழுத்தினால் முட்டு வளையத்தின் வாய் திறந்துகொள்ளும். ஆகவே அதை அணிந்துகொண்டு ஆயுதப் பயிற்சி செய்யக் கூடாது. யாரையாவது உள்ளே நிறுத்திச் சோதித்துப் பார்க்கவும் கூடாது.

3. கம்பியும் வளைய அளவும்

இரும்புக் கடையில் 16 கேஜ் ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, என்று கேட்டால் கிடைக்கும். நம் ஊர்க் கடைகளில் வழங்கும் கேஜ் கணக்கில் அது ஏறத்தாழ 1.6 மி.மீ. பருமன். அமெரிக்க வழிகாட்டிகளில் செம்புக் கம்பிக்கு 16 கேஜ் என்பது 1.29 மி.மீ. மட்டுமே. ஆகவே கேஜ் எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரில் கேளுங்கள். முடிந்தால் வெர்னியர் அளவி வைத்து அளந்து வாங்குங்கள்.

கட்டடக் கம்பி கட்டுபவர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பி மலிவானது, ஆனால் மிக மென்மையாக இருப்பதால் அங்கியின் எடையிலேயே வாய் திறந்துவிடும். விரைவில் துருவும் ஏறும். துருவேறா எஃகு உறுதியானது, எனினும் வளைத்த பின் மீண்டும் விரிந்துகொள்ளும் இயல்பு அதற்கு அதிகம் என்பதால் தொடக்கத்திலேயே கை சோர்ந்துவிடும். மேடையில் நெடுநேரம் நிற்க வேண்டிய நடிகருக்கு அலுமினியம் எடை குறைந்த மாற்று. அது சட்டையில் கறுப்பாக ஒட்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, வளையத்தின் உள்விட்டத்தைக் கம்பியின் பருமனால் வகுத்துப் பாருங்கள். பின்னலின் இயல்பை முடிவு செய்வது அந்த எண்தான். 1.6 மி.மீ. கம்பிக்கு 8 மி.மீ. உள்விட்டம் என்றால் விடை 5. முதல் முயற்சிக்கு இதுவே தகும். ஒரு வளையத்துக்குள் நான்கு வளையங்கள் செல்ல வேண்டியிருப்பதால், விடை மூன்றரைக்குக் கீழே இறங்கினால் பின்னல் விறைத்துக் கைக்கும் இடம் இராது. ஆறைத் தாண்டினால் தொளதொளவென்று வலைபோல் தொங்கும். கடையில் கிடைத்த கம்பியையும் வீட்டில் கிடந்த தண்டையும் கணக்குப் பார்க்காமல் சேர்த்துக்கொள்வதே மிகப் பரவலான பிழை.

எவ்வளவு கம்பி வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கிட்டுவிடலாம். 8 மி.மீ. உள்விட்ட வளையம் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 மி.மீ. கம்பி செல்லும். இந்தப் பருமனில் ஒரு கிலோ கம்பி 63 மீட்டர் அளவுக்கு வரும். சேதாரம் போக ஒரு கிலோவுக்குச் சுமார் 2,000 வளையங்கள் கிடைக்கும் என்று கொள்ளலாம். 10 கிலோ எடையுள்ள அங்கி என்றால் 20,000 வளையங்கள். இந்த எண்ணைப் பார்த்த பிறகும் ஆர்வம் குறையாதவர்கள் அடுத்த படிக்குச் செல்லலாம்.

4. கம்பியைச் சுருட்டுதல்

8 மி.மீ. விட்டமுள்ள, வழவழப்பான இரும்புத் தண்டை முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கான முறுக்குக் கம்பி இதற்கு ஆகாது. அதன் மேற்புடைப்புகளில் சுருள் மாட்டிக்கொண்டு வெளியே வராது. தண்டின் ஒரு முனைக்கு அருகே கம்பி நுழையும் அளவுக்குத் துளையிட்டு, மறுமுனையைக் கைப்பிடிபோல் வளைத்து, துளையிட்ட இரண்டு மரக்கட்டைகளுக்கு இடையே பொருத்தி, கட்டைகளைப் பலகையில் இறுக்கிவிடுங்கள்.

கம்பியின் நுனியைத் துளையில் செருகிக் கைப்பிடியைச் சுழற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை ஒட்டியே விழ வேண்டும். இடைவெளி விட்டால் வளையம் தட்டையாக இல்லாமல் திருகிக்கொண்டு வரும். பிறகு முனைகள் நேருக்கு நேர் சந்திக்க மாட்டா. கம்பியை இழுத்துப் பிடிக்கும் விசையும் ஒரே சீராக இருக்க வேண்டும், ஏனெனில் தண்டிலிருந்து எடுத்ததும் சுருள் சற்று விரியும். விசை மாறினால் அந்த விரிவும் மாறி, ஒரே சுருளிலேயே வெவ்வேறு அளவு வளையங்கள் கிடைக்கும்.

துளைபோடும் இயந்திரத்தில் தண்டை மாட்டிச் சுருட்டுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். சுழலும் தண்டுக்கு அருகே துணிக் கையுறை கூடாது, அது சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். எந்த முறையாயினும் கம்பி தீரும் தறுவாயில் வால் சாட்டைபோல் வீசும் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

5. வெட்டுதல்

சுருளை வளையங்களாக வெட்டும் கருவிக்கு ஏற்ப முனையின் வடிவம் மாறும். கட்டிங் பிளையரும் போல்ட் கட்டரும் இரு பக்கமும் நசுக்கி வெட்டுவதால் முனை கூம்பாகிவிடும். அத்தகைய முனைகள் நுனியில் மட்டுமே தொட்டுக்கொண்டு, இரு பக்கமும் பள்ளம் விட்டு நிற்கும். தகரம் வெட்டும் உறுதியான கத்தரி ஓரளவு தட்டையான முனை தரும். மெல்லிய ரம்பம் மிகச் சிறந்த முனை தரும், ஆனால் இரும்பில் வேலை மெதுவாகவே நகரும்.

மேடைக்கான அங்கிக்குக் கத்தரி போதும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று சுற்றுகளுக்கு மேல் வெட்டாதீர்கள். அதிகம் வைத்தால் தாடை நழுவி வெட்டுக்கோடு சாய்ந்துவிடும். சாய்ந்த வெட்டு என்றால் ஒரு வளையம் நீளம், அடுத்தது குட்டை. வெட்டும் துண்டுகள் தெறிக்காமலிருக்கச் சுருளைத் துணிப்பைக்குள் வைத்தபடி வெட்டுவது நல்ல பழக்கம்.

6. பின்னும் முன்பே பாதி வளையங்களை மூடிவிடுங்கள்

வளையங்களை இரண்டு சம குவியல்களாகப் பிரியுங்கள். ஒரு குவியலை முழுவதும் மூடிவிடுங்கள்; மற்றதைச் சற்று அகலத் திறந்து வையுங்கள். நேர்ப்பின்னலில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மட்டுமே திறந்த வளையமாக இருந்தால் போதும். இடைவரிசையை மூடிய வளையமாகவே கோத்துவிடலாம். பழைய கவசங்களில் முழு வளைய வரிசையும் ரிவெட் வரிசையும் மாறி மாறி வந்ததற்கும் இதே பின்னல் கணக்கு இடம் கொடுத்தது. எல்லா வளையத்தையும் பின்னும்போதே மூடிக்கொள்ளலாம் என்று இறங்குகிறவர்களுக்கு வேலை இரட்டிப்பாகும். நெருக்கத்தில் குறடு நுழையாததால் மூடலும் அரைகுறையாக இருக்கும்.

மூடுவதற்கு இரண்டு குறடுகள் வேண்டும், அவற்றின் தாடைகள் அகலமாகவும் பல் இல்லாமலும் இருக்க வேண்டும். பல் இருந்தால் அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லையேல் துத்தநாகப் பூச்சு கீறி அங்கிருந்தே துரு பிடிக்கும். வளையத்தின் வாய் மேலே இருக்குமாறு இரு பக்கமும் பிடித்து, ஒரு கையை முன்னும் மறு கையை பின்னுமாகத் திருகி முனைகளைச் சேருங்கள். வாயை இரு பக்கமும் இழுத்துத் திறப்பதும் அழுத்தி மூடுவதும் வட்டத்தைக் கெடுத்துவிடும்.

கம்பி விட்டதும் சற்றுப் பின்வாங்கும். ஆகவே முனைகள் ஒன்றையொன்று மயிரிழை அளவு கடந்து போகும்வரை உள்நோக்கித் தள்ளி, பின் நேருக்குக் கொண்டுவாருங்கள். அப்போது உராயும் ஓசையோடு இறுகி நிற்கும். மூடிய வளையங்களைப் பழைய நைலான் காலுறைத் துண்டால் தேய்த்துப் பாருங்கள். இழை எங்கே சிக்குகிறதோ அங்கே வாய் மூடவில்லை. இந்தச் சோதனையைத் தவிர்த்தவர்களின் அங்கி அணியும்தோறும் வளையங்களை உதிர்க்கும்.

7. முதல் கீற்று

திறந்த வளையம் ஒன்றில் மூடிய வளையங்கள் நான்கைக் கோத்து வாயை மூடுங்கள். மேசையில் இதை விரிக்கும்போது நடு வளையத்துக்கு மேலே இரண்டும் கீழே இரண்டும் வர வேண்டும். மேலே உள்ளவையும் கீழே உள்ளவையும் ஒரே பக்கம் சாய்ந்து, நடு வளையம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இந்தச் சாய்வே பின்னலின் இலக்கணம்.

இத்தகைய ஐந்து வளைய அலகுகளை முதலில் நிறையச் செய்து குவித்துவிடுங்கள். பிறகு இரண்டு அலகுகளை அருகருகே விரித்து, திறந்த வளையம் ஒன்றை முதல் அலகின் வலப்புற மேல், கீழ் வளையங்களிலும் இரண்டாம் அலகின் இடப்புற மேல், கீழ் வளையங்களிலும் நுழைத்து மூடுங்கள். அந்த வளையம் மற்ற நடு வளையங்களின் வரிசையில், அவற்றைப் போலவே சாய்ந்து அமர வேண்டும். இப்படித் தொடர்ந்தால் மூன்று வரிசை கொண்ட கீற்று நீளும்.

பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வேலை செய்வதுதான் இங்கே நேரும் பெரும் பிழை. தூக்கியதும் வளையங்கள் புரண்டு, எது மேல் எது கீழ் என்பது மறைந்துபோகும். மேசையில் அடர்நிறத் துணி விரித்து அதன்மேல் பரப்பி வைத்தே கோத்துப் பழகுங்கள். ஆயிரம் வளையம் கடந்த பின் விரல் தானே கண்டுகொள்ளும்.

8. கீற்றுகளை இணைத்தல்

இரண்டு கீற்றுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக விரியுங்கள். இணைக்கும் முன் சாய்வைப் பாருங்கள்: மேற்கீற்றின் அடிவரிசையும் கீழ்க்கீற்றின் மேல்வரிசையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எதிரெதிராக இருந்தால், கீழ்க்கீற்றை மேசையிலேயே அரைச்சுற்றுத் திருப்பி, இடது முனை வலப்புறம் வருமாறு வையுங்கள், சாய்வு பொருந்திவிடும். பொருந்தாமலே இணைத்தவர்கள் எங்கோ ஒரு வளையம் தவறிவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் தவறியது ஒரு கீற்று முழுவதும்.

பிறகு திறந்த வளையம் ஒன்றை மேலே அடுத்தடுத்த இரண்டிலும் கீழே அடுத்தடுத்த இரண்டிலும் நுழைத்து மூடுங்கள். அடுத்த திறந்த வளையம், முந்தையது பிடித்தவற்றில் கடைசி வளையத்தையும் அதற்கு அடுத்ததையும் பிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு கீற்றும் சேர்ந்ததும் துண்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விளிம்பைத் தவிர எல்லா வளையத்துக்குள்ளும் நான்கு இருக்க வேண்டும். மூன்று மட்டுமே இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் பெரிய பொட்டாகத் தெரியும். உடனே திருத்துவது ஒரு வளையத்தின் வேலை; பத்து வரிசை கடந்தபின் என்றால் அதைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

9. எந்தத் திசையில் தொங்க வேண்டும்

உள்ளங்கை அகலத் துண்டு முடிந்ததும் அதை முதலில் வரிசைகள் கிடையாக இருக்குமாறு தொங்கவிடுங்கள்; பின் கால்சுற்றுத் திருப்பி, வரிசைகள் நெடுக்காக இருக்குமாறு தொங்கவிடுங்கள். முதல் நிலையில் துண்டு நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கி, அடர்த்தியாகும். இரண்டாம் நிலையில் பின்னல் வாய் திறந்து நிற்கும். உடலில் வரிசைகள் கிடையாகச் சுற்றிவர வேண்டும்: எடை கீழே இழுப்பதால் அங்கி உடலைத் தழுவும், மூச்சிழுத்தாலும் கை நீட்டினாலும் பக்கவாட்டில் விரிந்து கொடுக்கும்.

10. கையில்லாத அங்கி

அளவை மேல்தோலின்மேல் எடுக்காதீர்கள். இடைக்காலத்தில் மெயிலின் உள்ளே கேம்பசன் என்ற, பல அடுக்குத் துணியைச் சேர்த்துத் தைத்த மெத்தை அங்கியை அணிந்தார்கள். அடியின் அதிர்ச்சியைத் தாங்கியது பெரும்பாலும் அதுதான். மேடைக்கும் தடித்த பருத்தி உள்ளங்கி ஒன்று வேண்டும். அதை அணிந்தபின் மார்புச் சுற்றளவை எடுத்து, மேலும் 15 முதல் 20 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். இந்த அங்கிக்கு முன்திறப்பு இல்லாததால், தோளும் முழங்கையும் உள்ளே நுழைந்து வர அந்தத் தளர்வு தேவைப்படுகிறது. பின்னலின் நீளத்தையும் தொங்கிய நிலையிலேயே அளவிடுங்கள். மேசையில் பரப்பி அளந்தால் அகலம் ஏமாற்றும்.

முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனியே பின்னிப் பக்கங்களை இணைப்பதைவிட, மார்புச் சுற்றளவுக்கு நீண்ட கீற்று ஒன்றைச் செய்து, முறுக்கு விழாமல் வட்டமாக்கி, அதிலிருந்து கீழ்நோக்கி வரிசைகளைச் சேர்ப்பது எளிது. பக்க இணைப்பே இல்லாமல் போகும். அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பு கடந்து தொடை வரை இறக்குங்கள். குதிரையேறும் வீரர்களுக்காக ஹாபர்க்கின் அடிப்பகுதி முன்னும் பின்னும் பிளந்திருக்கும். நடிகர் உட்கார வேண்டிய காட்சி இருந்தால் உங்களுக்கும் அந்தப் பிளவு வேண்டும்.

பிறகு வட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து முன்னும் பின்னும் மேல்நோக்கிப் பின்னி, கழுத்துக்கு இடம்விட்டு இரு தோள்களிலும் சேருங்கள். சேருமிடத்தில் விளிம்பு வரிசைகளின் சாய்வு பொருந்தாவிட்டால், ஒரு பக்கம் ஒரு வரிசையைக் கூட்டினால் சரியாகிவிடும். தோள்பட்டையைப் பக்கவாட்டில் நீட்டினால் குட்டைக் கை கிடைக்கும். அங்கே வரிசைகள் கையின் நெடுக்கே ஓடும் என்பதால், கையைத் தொங்கவிட்டால் பின்னல் சற்று வாய் திறக்கும். குட்டைக் கைக்கு அது குறையாகத் தெரியாது.

வளைவுகளுக்கு இரண்டு உத்திகளே உள்ளன. புதிய வரிசையில் ஒரு வளையம் மேலே இரண்டுக்குப் பதிலாக மூன்றைப் பிடித்தால் அந்த வரிசை ஒரு வளையம் குறுகும். இரு வளையங்களுக்கு நடுவே, மேலே ஒன்றை மட்டும் பிடித்த வளையம் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் ஒரு வளையம் அகலும். கூட்டலையும் குறைத்தலையும் அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே இடத்தின்கீழ் அடுக்காதீர்கள். அந்த இடத்தில் மடிப்பும் புடைப்பும் எழும்.

அணியும்போது அங்கியைத் தலைக்கு மேல் தூக்கி, கைகளை முதலில் நுழைத்து, நிமிர்ந்தபடி வழியவிடுங்கள். உடனே இடுப்பில் தோல் வாரைக் கட்டி, வாருக்கு மேலே பின்னலைச் சற்று இழுத்துத் தளர்த்துங்கள். எடையின் ஒரு பங்கு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். கழற்ற, இடுப்பை நன்றாக வளைத்துக் குனிந்து குலுக்கினால் தானே வழுக்கி விழும். நீண்ட தலைமுடியை முன்னதாகத் துணியால் கட்டிவிடுங்கள்.

11. சுத்தமும் பாதுகாப்பும்

புதிய ஜி.ஐ. வளையங்கள் உராய்ந்து சாம்பல்நிறப் பொடியை விடும். காய்ந்த மரத்தூளோடு சாக்கில் கட்டிக் குலுக்கினால் பெரும்பாலும் போய்விடும். இடைக்காலத்தில் துருப்பிடித்த மெயிலை மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டினார்கள். துத்தநாகப் பூச்சுள்ள கம்பிக்கு மணல் வேண்டாம், பூச்சைத் தேய்த்துவிடும். கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் அந்தப் பூச்சே வெண்மையாகப் பூக்கும். ஆகவே உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவிய துணியோடு சுருட்டிப் பெட்டியில் வையுங்கள். ஆணியில் மாட்டித் தொங்கவிட்டால் தோள்பகுதி வளையங்கள் எடையால் நெகிழும்.

12. ரிவெட் வளையத்துக்கு மாற விரும்புவோருக்கு

இதற்கு ஜி.ஐ. கம்பியைத் தொடவே கூடாது. வளையத்தைப் பழுக்கக் காய்ச்ச வேண்டியிருக்கும். துத்தநாகம் சூடானால் எழும் புகை நச்சு. பூச்சில்லாத மென்னிரும்புக் கம்பியைச் சுருட்டி, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவுக்கு நீளம் விட்டு வெட்டுங்கள். சிவக்கும்வரை சூடாக்கிச் சாம்பலுக்குள் மெதுவாக ஆறவிட்டால் இரும்பு மென்மையாகும். இதைத் தவிர்த்தால் அடுத்த படியில் முனை வெடிக்கும்.

ஏறிய பகுதியை மட்டும் பட்டறைக்கல்லில் வைத்துத் தட்டையாக்கி, கூரிய உளியாணியால் துளையிடுங்கள். துளையைத் தட்டையின் நடுவில், விளிம்பைத் தொடாமல் போட வேண்டும். பின்னலில் கோத்தபின், துளைக்கு ஏற்ற சிறு இரும்பாணியை நுழைத்து, தாடையில் குழி வெட்டிய குறடால் அழுத்தினால் ஆணியின் நுனி மழுங்கிப் பிடித்துக்கொள்ளும். குழி இல்லாத குறடு ஆணியைச் சாய்த்து நசுக்கிவிடும் என்பதால், பல வளையங்களைப் பாழாக்குமுன் அந்தக் குறடைத் தயார் செய்துகொள்ளுங்கள். மூடிய வரிசைகளுக்கு, உள்விட்டம் ஒத்துவரும் தட்டை வாஷர்களைப் பயன்படுத்தினால் ரிவெட் அடிக்க வேண்டியவை பாதியாகக் குறையும். வாஷரின் பருமனும் உங்கள் கம்பியின் பருமனும் நெருங்கியிருக்கின்றனவா என்பதை வெர்னியரில் பார்த்துவிட்டே மொத்தமாக வாங்குங்கள்.